பால் காய்ச்சாத பங்குனி

நம் நடைக் கூட்டத்தில் இப்போது இரண்டு பேர் ஒரே சாப்பாடு சாப்பிடுவதில்லை. மைதானத்தைச் சுற்றி முடித்து வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தால், பேச்சு மூட்டுவலியில் தொடங்கிச் சாப்பாட்டில்தான் வந்து நிற்கிறது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை பேலியோ என்கிற கறி, முட்டைச் சாப்பாட்டில் இருக்கிறார். சோற்றைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி விலகுகிறார். ஜவுளிக்கடை அம்மாள் வரகும் சாமையும் தவிர வேறொன்றும் தொடுவதில்லை. வெளிநாட்டில் மகள் இருக்கும் தோழி, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வாதுமையை ஊறவைத்து அரைத்த தண்ணீரில் காப்பி போடுகிறார். இன்னொருவர் பொழுது சாயும்போது வாயைப் பூட்டினால் மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் திறக்கிறார். கேலி செய்யவில்லை. உங்கள் எல்லாருக்கும் உடம்பு தேறித்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தனக்குப் பிடிபட்டதை மற்ற எல்லார் வாயிலும் ஊட்டிவிடத் துடிக்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

"நீங்க எதுல இருக்கீக?" என்று போன வாரம் என்னைக் கேட்டீர்கள்.

நான் எதிலும் இல்லை. காலையில் கம்பங்கூழ், இல்லாவிட்டால் இட்லி. மதியம் சோறும் குழம்பும். ஞாயிற்றுக்கிழமை கறி. மோர் உண்டு, தயிர் உண்டு. காப்பி கருப்பட்டி போட்டுக் கறுப்பாக. பால் மட்டும் ஒரு மிடறு கிடையாது. இதை எந்த மருத்துவரும் எனக்கு எழுதித் தரவில்லை. பதினோரு வயதில், ஒரு பங்குனி மாதத்தில், திருத்தங்கலில் எங்கள் தெருவில் முடிவான விஷயம் இது. எந்த வருஷம் என்று மட்டும் எழுதமாட்டேன். வேலைக்காலம் முழுவதும் சிவகாசி அச்சகத்தில் தினசரி காலண்டருக்குப் பிழை திருத்தியவள் நான். கிழமையும் திதியும் கேட்டால் தடுமாறாமல் சொல்வேன். வருஷத்தைச் சொன்னால் நீங்கள் கழித்துப் பார்த்து என் வயதைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

அப்போது எனக்குத் தெருவில் பெயர் ஊசிவெடி. பட்டாசுகளில் ஆகச் சின்னதும் ஒல்லியானதும் அதுதான். பெயர் வைத்தவன் அத்தை மகன். அப்பாவின் அக்காதான் அத்தை. அடுத்த வாசலில் குடியிருந்தார். அவர் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் கன்றுக்குட்டி மாதிரி கொழுகொழுவென்று இருப்பான். நான் சீருடைச் சட்டைக்குள் எங்கேயோ இருப்பேன்.

அம்மா கம்பி மத்தாப்புக் கம்பெனியில் வேலை பார்த்தார். மரச்சட்டத்தில் வரிசையாகக் கம்பிகளைக் குத்தி, சாம்பல் நிறக் கூழாகக் கரைத்து வைத்திருக்கும் மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். எடுக்கும்போது கை நடுங்கினால் ஒரு கம்பியில் மருந்து தடித்தும் இன்னொன்றில் மெலிந்தும் போய்விடும். அம்மா முக்கிய சட்டம் காய்ந்த பிறகு பார்த்தால் எல்லாக் கம்பியும் ஒரே பருமனில் நிற்குமாம். கம்பெனியில் அவரைக் கம்பிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வேன் வரும்போது வலது பக்க முதல் சன்னல் சீட்டு அவருக்கு என்று காலியாகவே வரும். அந்தச் சன்னலில் உட்கார்ந்து அவர் அவிழ்த்துவிடும் கதைகளுக்கு வேன் முழுவதும் சிரித்துக்கொண்டே போகும். சிரிப்புச் சத்தம் தெரு முக்குத் திரும்பி மறையும் வரை நான் வாசலில் நின்று கேட்பேன். சாயங்காலம் இறங்கும்போது புருவத்திலும் காதோர முடியிலும் வெள்ளித்தூள் மினுங்கும். கந்தகமும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை வரும். எனக்கு அம்மா வாசனை என்றால் அதுதான்.

மாசி மாதத்தில் என் வயிறு கெட்டுப்போனது. அதற்கு முன்பும் வலி உண்டு. ஆனால் அந்த மாசியில் விடிந்தால் வயிறு ஊதி, கொடகொடவென்று சத்தம் போட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்தில் நான் கொல்லைப்புறத்தில் இருப்பேன். கம்பவுண்டர் கொடுத்த செவ்வந்தி நிறத் தண்ணீர் மருந்து கேட்கவில்லை. பூச்சி மருந்தும் கேட்கவில்லை. அப்போதுதான் வேனில் யாரோ ஒரு அக்காள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "கம்பெனித் தூசி சேலையில ஒட்டி வீட்டுக்கு வருதுல்ல, அது பிள்ள வயித்துல போய்ச் சேருது. ரெண்டு வேளையும் பாலக் குடு. பாலு பட்டாசு மருந்த முறிச்சிரும்."

நம் பக்கத்தில் இது இன்றைக்கும் ஓடுகிற நம்பிக்கைதானே? பட்டாசு வேலை முடித்து வருகிறவர்கள் வாழைப்பழம் தின்பார்கள், வெல்லம் கடிப்பார்கள், பால் கிடைத்தால் குடிப்பார்கள். உள்ளே போன மருந்து வெளியே வந்துவிடும் என்பார்கள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பால்காரம்மாவிடம் எனக்கென்று தனியாக ஊற்றச் சொன்னார். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். அதுவரை நான் பால் குடித்தது இரண்டு வேளைக் காப்பியில் கலந்த அளவுக்குத்தான். விளிம்பில் என் பெயரின் முதல் எழுத்தை அப்பா ஆணியால் புள்ளி குத்திய எவர்சில்வர் டம்ளர் அது. பின்னாளில் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. ஆடை படிந்த அந்தப் பாலின் வெதுவெதுப்பு மட்டும் இன்னும் மேலுதட்டில் இருக்கிறது.

வயிறு இன்னும் மோசமானது. அம்மாவுக்கு அதற்கும் காரணம் தெரிந்திருந்தது: தூசி அதிகமாக வருகிறது, பால் போதவில்லை. பாலைக் கூட்டினார். வேனை விட்டு இறங்கியதும் நான் ஓடிப்போனால் கையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்வார். "ஒட்டாத தாயி, ஒட்டாத. அங்கனயே நில்லு." கொல்லையில் போய்ச் சேலையைத் தனி வாளியில் முக்கி, சீயக்காய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, வேறு சேலை கட்டிய பிறகுதான் பக்கத்தில் வருவார். அதற்குள் நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். பக்கத்தில் வரும் அம்மாவிடம் சீயக்காய் வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் யாரோ வந்து படுத்த மாதிரி இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூசியை வீட்டுக்குள் விடக்கூடாது என்று அம்மா நினைத்ததில் தவறில்லை. பிற்பாடு படித்தறிந்த வரையில் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவதுதான் முறை. என் வயிற்றைக் கெடுத்தது அந்தத் தூசிதான் என்று முடிவு கட்டினாரே, அதுதான் பிசகு.

பங்குனி பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் கயிறு கட்டிவிட்டால் பொங்கல் வரை தெருவில் கறி, மீன், முட்டை கிடையாது. எண்ணெய்ச் சட்டி ஏறாது, தாளிப்புக் கிடையாது. எங்கள் தெருவுக்கு மட்டும் இன்னொரு கட்டு உண்டு. காப்புக் கட்டின பிறகு எந்த வீட்டு அடுப்பிலும் பால் காயக்கூடாது. அடுத்துப் பொங்குகிற பால் அம்மன் வாசலில் பொங்கல் பானையில்தான் பொங்க வேண்டும். கறந்த பால் முழுவதும் கோயிலுக்குப் போய்விடும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு மட்டும் விலக்கு.

அம்மா அத்தையிடம் கெஞ்சினார். "மதினி, கோயில்ல ஒரு வார்த்த சொல்லுங்க. இவளுக்கு மட்டும் ஒரு டம்ளரு. மருந்து வயித்துலயே தங்கிரும்."

"பதினோரு வயசுக் கழுத கைக்கொழந்தையா? ஊரு சிரிக்கும். அம்மனுக்கு விட்டுரு, அவ பாத்துக்கிடுவா."

அம்மா அழுதார். தாமே ஒரு விரதமும் கூட்டிக்கொண்டார். மஞ்சள் சேலை கட்டி ஒரு வேளைதான் சாப்பிட்டார். வேலைக்கு மட்டும் வழக்கம்போலப் போய் வந்தார்.

அந்த நாட்களின் சாப்பாட்டை இப்போதும் நாக்கில் வரிசையாகச் சொல்வேன். முதல் நாள் காய்ச்சிப் புளிக்கவைத்த கம்பங்கூழ், உப்பு மட்டும் போட்டது. நடுவில் வைத்துக் கடிக்கச் சின்ன வெங்காயம். மதியம் அவித்த மொச்சையும் வெறும் ரசமும். சாயங்காலம் இடித்த பச்சரிசி மாவும் வெல்லமும், புளியும் சுக்கும் போட்ட பானகமும். எதிர்வீட்டு டீச்சர் வீட்டிலும் அப்போது தவக்காலம். அவர்கள் வேதக்காரர்கள், அவர்களும் கறி எடுக்கவில்லை. "இந்த மாசம் தெருவுல எல்லாருமே ஆட்டுக்குப் பிரியமான ஆளுக" என்று டீச்சர் சிரிப்பார்.

எனக்கு வயிறு அடங்கிவிட்டது. முதலில் சத்தம் நின்றது. பிறகு ஊதல் இறங்கியது. பிறகு பசித்தது. பசி என்பது இப்படி இருக்குமா என்று எனக்கே ஆச்சரியம். பொங்கலன்று அத்தை மகனைத் தேர்ச்சக்கரம் வரை ஓட்டப் பந்தயத்தில் தோற்கடித்தேன். "ஏ ஊசிவெடி, எங்கன வாங்குன திரிய?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மனின் கருணை என்றார் அம்மா. டீச்சர் தம் ஜெபத்தைச் சொன்னார். அத்தைக்குத் துளியும் சந்தேகமில்லை: "கறிய விட்டுச்சு, வயிறு தேறுச்சு. இனி இந்தப் புள்ளைக்குச் சைவந்தான். அம்புட்டுத்தான்." அன்றிலிருந்து அத்தை வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும்போது எனக்குக் கத்தரிக்காய். பொங்கல் முடிந்த மறுநாள் பால்காரம்மா வந்தார். டம்ளரும் வந்தது. இரண்டே நாளில் நான் மறுபடியும் கொல்லைப்புறத்தில்.

அம்மா அதைத் தமக்கு வந்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். அம்மன் காத்த வரை காத்தாள், காப்பை அவிழ்த்ததும் தூசி வென்றுவிட்டது. அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "சித்திர ஒண்ணு லீவு. ரெண்டாந்தேதியிலருந்து நான் போகல. கம்பெனியில சொல்லிட்டேன்." அப்பா அச்சகத்து மை படிந்த விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதற்குப் பிறகு வேனில் கதை சொல்வதை நிறுத்திவிட்டார். காலையில் வேன் சத்தமில்லாமல் முக்குத் திரும்பும். அந்த அமைதிதான் என் வயிற்றுவலியைவிடப் பெரிதாக வலித்தது. என்னால்தான் அது என்று தெரியும். அதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். காலையில் காய்ச்சப்போன பால் வெயிலுக்குத் திரிந்துவிட்டது. பால்காரம்மாவைத் திட்டிக்கொண்டே அம்மா கீழே ஊற்றினார், சாயங்காலப் பாலும் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். மதியம் டீச்சர் என்னையும் அத்தை மகனையும் சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டுக்கறிக் குழம்பு. மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டு, எண்ணெய் மேலே செம்பொன்னாக மிதந்தது. அத்தையின் சட்டத்தை நான் மறந்தே போனேன்.

அத்தை மகன் எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே என் அம்மாவைப் பார்த்துக் கூவினான்; அவனுக்கு அம்மாதான் அத்தை. "அத்தை! ஊசிவெடி அங்கன கறியா அள்ளித் தின்னுச்சு!"

எல்லாரும் திங்கள்கிழமை காலைக்காகக் காத்திருந்தார்கள். அம்மா என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. நான் எழுந்து கூழ் குடித்தேன்.

அத்தை அசரவில்லை. "அது செபம் பண்ணுன கறி. அதான் ஒண்ணும் செய்யல."

அம்மா அவரைவிடவும் அசரவில்லை. "நேத்து ஞாயித்துக்கெழம. கம்பெனி லீவு. தூசி வரல. நான் சொன்னேன்ல?"

"அப்ப மத்த ஞாயித்துக்கெழமையெல்லாம் ஏன் வலிச்சுச்சு?" என்றேன்.

"முந்தின நாளுத் தூசி வயித்துல கெடக்கும்ல."

"நேத்துப் பாலு குடிக்கல நான். காப்புக் கட்டுனப்பவும் குடிக்கல."

அம்மா சிரித்துவிட்டார், ரொம்ப நாளைக்குப் பிறகு. "பாலு வயித்தக் கெடுக்குமாம், கேட்டீகளா மதினி? இந்தா நிக்கானே ஒங்க மகன், அதே பாலத்தான குடிக்கான்?"

உண்மைதான். ஒரே பால்காரம்மா, ஒரே பால். அவனுக்கு அது சதையாக ஒட்டியது, எனக்குக் கத்தியாக இறங்கியது. உலகத்தில் எல்லாருக்கும் நல்லது என்று பெயர் எடுத்த ஒன்று ஒருத்திக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்பதை அங்கே யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நினைத்தவள் நான் ஒருத்திதான். நினைத்தது என் மூளையல்ல, என் வயிறு. அதற்குத்தான் எல்லா நாளும் உள்ளே என்ன வந்தது என்று நேரடியாகத் தெரியும். இன்றைக்கு இதற்கு விஞ்ஞானத்தில் பெயர் இருக்கிறது, பாலில் உள்ள சர்க்கரை சிலருக்குச் செரிக்காது என்று. தயிராகவும் மோராகவும் புளித்துவிட்டால் என் வயிறு வாங்கிக்கொள்கிறது. பெயர் தெரியாத காலத்திலும் வயிறு அதே வயிறுதான்.

திங்களன்று மறுபடி பால் வந்தது. "பெறகு குடிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடினேன். அன்று முழுக்க ஒரு யோசனை. பாலும் தூசியும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. அதனால்தான் அம்மாவுக்கு எது என்று தெரியவில்லை. ஒன்றை மட்டும் வரவிட்டால்?

சாயங்காலம் வேன் வருகிற நேரத்துக்கு முக்கில் போய் நின்றேன். அம்மா இறங்கினார். "ஒட்டாத" என்று கையைத் தூக்குவதற்குள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைச் சேலையில் புதைத்தேன். கந்தகமும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. அம்மா பதறிப் போனார். என் முதுகில் கையை வைத்துப் பிரித்துவிடப் பார்த்தார். நான் விடவில்லை.

"நான் பாலு குடிக்க மாட்டேன்," என்றேன், வேனில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி. "தெனமும் இப்பிடியே ஒட்டிக்கிடுவேன். சித்திர ரெண்டு வரைக்கும் பாரு. வயிறு வலிச்சா நீ வேலைய விட்டுரு. வலிக்கலன்னா நீ போவணும்."

சன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. "ஏ கம்பிக்காரி, ஒம்மக கோர்ட்டுல நிக்கிறவ கணக்கா பேசுதாளே!"

"ஊசிவெடிதான், ஆனா சத்தம் பெருசு!"

"ஒத்துக்கிடு மதினி. புள்ள இம்புட்டுச் சொல்லுதுல்ல?"

அத்தனை பேர் முன்னால் மறுக்க அம்மாவால் முடியவில்லை. "சரிடி, சரிடி. விடு," என்றார். பிரிக்க வந்த கை அப்படியே என் முதுகில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரல்களும் வெள்ளியாகப் பதிந்திருந்தன. நீலம் போட்டு, எலுமிச்சை தேய்த்து வெளுத்தும் அது முழுதாகப் போகவில்லை. சட்டை சிறிதாகிப் போன பிறகு அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்து தேய்ந்தது.

அன்றைக்குப் பாலை யார் குடிப்பது என்று அம்மா கேட்டார்.

"நான் இருக்கேன்ல அத்தை," என்று டம்ளரை எடுத்தான் அத்தை மகன். இன்றுவரை அவன் அதை நிறுத்தவில்லை. சிவகாசியில் டைரி பைண்டிங் வைத்திருக்கிறான். தினமும் சொம்பு நிறையப் பால். ஒரு நாள் வயிற்று உபாதை என்று சொன்னதில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஜவுளிக்கடை அம்மாளுக்கு வரகு ஒத்துக்கொண்டால் நன்றாகச் சாப்பிடட்டும். தலைமை ஆசிரியைக்குக் கறி ஒத்துக்கொண்டால் தின்னட்டும். எனக்கு ஒத்துக்கொள்ளாததை உங்களுக்கு விலக்க மாட்டேன். உங்களுக்கு ஒத்துக்கொண்டதை என் தட்டில் வைக்காதீர்கள்.

ஒவ்வொரு நாள் காலையும் அம்மா என் வயிற்றில் காதை வைத்தார். ஒவ்வொரு சாயங்காலமும் நான் முக்கில் நின்று கட்டிக்கொண்டேன். அவர் விலகவில்லை, ஆனால் முகத்தில் பயம் இருந்தது. பந்தயத்தில் தோற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு இருக்கும் பயம் அது. என் வயிறு ஊமையாகவே இருந்தது. சித்திரை ஒன்று, லீவு. கனி பார்த்தோம், வேப்பம்பூப் பச்சடி தின்றோம், மதியம் அத்தையே முனகிக்கொண்டு என் இலையில் கறி வைத்தார்.

இரண்டாம் தேதி விடிந்ததும் அம்மா தூக்குவாளியில் சோறு போட்டு மூடினார். பிறகு திறந்தார். மறுபடி மூடினார். வேலையை விட்டதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டவர். போனால் சேர்ப்பார்களா என்று அவருக்கே தெரியாது. நான் கிண்ணத்தில் இருந்த கூழை வழித்துக் குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன்.

"போம்மா."

"வலிக்கலையே? நெசமா?"

"கேட்டுப் பாரு."

குனிந்து காதை வைத்தார். அப்போது முக்கில் ஆரன் அடித்தது. அம்மா எழுந்தார். கொண்டையை முடிந்தார், தூக்குவாளியை எடுத்தார், நடையாகத் தொடங்கி ஓட்டமாகப் போனார். நானும் பின்னால் ஓடினேன். கதவு திறந்தது. டிரைவர் ஏதோ சொன்னார், அம்மா அவரைத் தாண்டி ஏறினார். பிறகு தெரு முழுவதும் கேட்டது அவர் குரல்:

"எவ அவ, என் சன்னல்ல உக்காந்துருக்கவ? எந்திரிடி!"